ஸ்ட்ராம்போ எடுத்த கொடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2017 ஆகஸ்ட் 15 அன்று மார்வின் ஸ்ட்ராம்போ என்ற 93 வயது அமெரிக்கர் ஜப்பானில் ஒரு மலைக்கிராமத்துக்குப் போய் ஒரு துணிக்கொடியைத் திருப்பிக் கொடுத்தார். 73 வருடங்களுக்கு முன்னால், இரண்டாம் உலகப் போரில், பசிபிக் கடலின் சைப்பான் தீவில் இறந்து கிடந்த ஜப்பானியச் சிப்பாயிடமிருந்து அவர் எடுத்தது அது. சிப்பாயின் பெயர் சதாவோ யசுவே. அன்று கொடியை வாங்கிக்கொண்டவர்கள் சிப்பாயின் தம்பியும் தங்கையும். இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் வருகின்றன. அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

அது ஜப்பானின் தேசியக் கொடிதானே? அதில் என்ன விசேஷம்?

தேசியக் கொடிதான். ஆனால் கம்பத்தில் ஏற்றுவதற்காகச் செய்ததல்ல. வெள்ளைத் துணி, நடுவில் சிவப்பு வட்டம். அந்த வட்டத்தைச் சுற்றி, சூரியனிலிருந்து கதிர் கிளம்புவது மாதிரி, கறுப்பு மையில் தூரிகையால் எழுதிய பெயர்கள். மகனோ கணவனோ படைக்குப் போகும்போது, வீட்டார், பக்கத்து வீட்டுக்காரர், பள்ளித் தோழர், கூட வேலை பார்த்தவர் எல்லோரும் தங்கள் பெயரைக் கொடியில் எழுதிக் கொடுப்பார்கள். இதற்கு ஜப்பானிய மொழியில் ‘யோசெகாகி ஹினோமாரு’ என்று பெயர். பலர் சேர்ந்து எழுதியது ‘யோசெகாகி’, சூரிய வட்டக் கொடி ‘ஹினோமாரு’.

மேலே பெரிய எழுத்தில் நான்கு சித்திர எழுத்துகள் பெரும்பாலும் இருக்கும். ‘பு-உன் சோ-க்யூ’ என்று வாசிக்க வேண்டும். போரில் உன் அதிர்ஷ்டம் நெடுநாள் நிலைக்கட்டும் என்று அர்த்தம். சில கொடிகளில் கோயில் முத்திரையும், சிலவற்றில் புலிப் படமும் இருக்கும். புலி ஆயிரம் காதம் போனாலும் ஆயிரம் காதம் திரும்பி வந்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஊர் வெளிப்படையாக ‘ஜெயித்து வா’ என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, யாரோ ஒருவர் ஓரத்தில் புலி வரைந்து ‘திரும்பி வா’ என்றும் சொல்லியிருக்கிறார். எனக்கு இந்தக் கொடிகளில் மிகவும் பிடித்தது அந்தப் புலிதான்.

கொடியை மடித்துச் சட்டைக்குள் உடம்போடு வைத்துக்கொள்வது வழக்கம். அதனால்தான் திரும்பி வரும் கொடிகள் பலவற்றில் மடிப்புக் கோடுகள் அழியாமல் இருக்கின்றன. வியர்வைக் கறை இருக்கும். சிலவற்றில் ரத்தக் கறையும் இருக்கும்.

சதாவோ யசுவே யார்?

கிஃபு மாவட்டத்தின் ஹிகாஷிஷிரகாவா கிராமத்துக்காரர். வீட்டின் மூத்த பிள்ளை. தேயிலை விளையும் மலைக்கிராமம் அது, இன்றைக்கும் ஏறக்குறைய இரண்டாயிரம் பேர்தான். (உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள, கூரை வீடுகளுக்குப் பேர்போன ஷிரகாவாகோவும் அதே மாவட்டம்தான், ஆனால் அது வேறு ஊர். இந்த ஊருக்குப் புகழ் தேயிலையும், ‘த்சுசினோகோ’ என்று அவர்கள் சொல்லும் குண்டுப் பாம்பும். அந்தப் பாம்பை இதுவரை ஒருவரும் பிடித்ததில்லை. ஆனாலும் அதைத் தேடி வருஷாவருஷம் திருவிழா நடத்துகிறார்கள்.)

1943-இல் பசிபிக் களத்துக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள், தம்பி தத்சுயாவும் கூடப்பிறந்தவர்கள் இருவரும் அவருடைய படைமுகாமுக்கு வெளியே வந்து சந்தித்தார்கள். சுஷியும் மோச்சி என்ற அரிசி இனிப்பும் கொண்டுவந்து ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பிரியும்போது அண்ணன் தம்பியின் காதில் ரகசியமாகச் சொன்னது: பசிபிக் தீவுகளுக்கு அனுப்புகிறார்கள், பிழைத்து வருவது கஷ்டம், அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள். ரகசியமாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது. படை எங்கே போகிறது என்று வெளியே சொல்வதும், திரும்பி வரமாட்டேன் என்று வாய்விட்டுப் பேசுவதும் அன்றைய ஜப்பானில் நடக்கிற காரியமா?

ஒரு வருடம் கழித்து அரசாங்கத்திடமிருந்து மரப்பெட்டி ஒன்று வந்தது. உள்ளே சில கற்கள். அஸ்தி இல்லை, எலும்பு இல்லை, நகம்கூட இல்லை. மரியானா தீவுகளில் எங்கோ, 1944 ஜூலை 18 வாக்கில், 25 வயதில் இறந்தார் என்று மட்டும் தகவல்.

அந்தத் தேதியைக் கொஞ்சம் கவனியுங்கள். மரியானா தீவுகளில் ஒன்றான சைப்பான் முழுவதும் பிடிபட்டதாக அமெரிக்கத் தளபதிகள் அறிவித்தது ஜூலை 9. சைப்பான் கைவிட்டுப் போனதால் ஜப்பானியப் பிரதமர் தோஜோ பதவி விலகிய நாள் ஜூலை 18. குடும்பத்துக்குச் சொன்ன தேதி யாரோ உடலைப் பார்த்துக் குறித்ததல்ல, அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதியது என்றே எனக்குப் படுகிறது.

கொடியை எடுத்த ஸ்ட்ராம்போ யார்?

மான்டனா மாநிலத்துக்காரர். அமெரிக்க மரைன் படையின் 6-ஆவது ரெஜிமென்ட்டில், வேவு பார்த்துக் குறிபார்த்துச் சுடும் சிறப்புப் பிரிவில் இருந்தவர். அந்தப் பிரிவுக்குப் படைக்குள் வைத்த பட்டப்பெயர் ‘நாற்பது திருடர்கள்’. அலிபாபா கதையிலிருந்து வந்த பெயர்தான். மற்றப் படைப்பிரிவுகளின் சாமான்களைக் கண்மூடித் திறப்பதற்குள் கிளப்பிக்கொண்டு வருவதில் கில்லாடிகளாம். தராவா, சைப்பான், டினியன் என்று மூன்று தீவுச் சண்டைகளைப் பார்த்தவர். சைப்பானில் அவருக்கு வயது 20.

சைப்பானில் என்ன நடந்தது?

சுருக்கமாகச் சொல்கிறேன். 1944 ஜூன் 15-இல் அமெரிக்கப் படை கரை இறங்கியது. தீவைக் காத்து நின்ற ஜப்பானியப் படையினர் சுமார் 30,000 பேர். சரணடைந்தவர்களும் பிடிபட்டவர்களும் விரல்விட்டு எண்ணக்கூடிய விகிதம்தான், மற்ற எல்லோரும் இறந்தார்கள். அமெரிக்கர் பக்கம் 3,000 பேருக்கு மேல். தீவில் குடியிருந்த ஜப்பானியப் பொதுமக்களும் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். வடமுனையின் பாறைகளிலிருந்து குழந்தைகளோடு கடலில் குதித்தவர்கள் பலர். சைப்பான் கையில் கிடைத்ததும் அங்கிருந்து ஜப்பானின் நகரங்கள்வரை பறந்து குண்டு போட்டுவிட்டுத் திரும்ப முடிந்தது. பக்கத்துத் தீவான டினியனிலிருந்துதான் பிறகு ஹிரோஷிமாவுக்கு விமானம் கிளம்பியது.

கொடி அவர் கைக்கு எப்படி வந்தது?

தீவின் முக்கிய ஊர் காராபான். (நெடில் போட்டே எழுதுகிறேன், இல்லாவிட்டால் வேறு ஜந்து நினைவுக்கு வந்துவிடும்.) அதன் வெளிப்புறத்தில் ஸ்ட்ராம்போ தன் கூட்டத்தைத் தவறவிட்டு, வழி தெரியாமல் ஜப்பானியர் நிலைகளுக்குப் பக்கத்தில் போய்விட்டார். அங்கே ஜப்பானியச் சிப்பாய் ஒருவர் இடப்பக்கமாக ஒருக்களித்துக் கிடந்தார். உடம்பில் பெரிய காயம் எதுவும் இல்லை, தூங்குவது போலவே இருந்தாராம். மோர்ட்டார் குண்டு பக்கத்தில் வெடித்து, அந்த அதிர்ச்சியிலேயே உயிர் போயிருக்க வேண்டும் என்பது ஸ்ட்ராம்போவின் கணிப்பு.

உடைக்குள் கொடி இருந்தது. எழுத்துகளைப் பார்த்ததும், இறந்தவருக்கு இது முக்கியமான பொருள் என்று ஸ்ட்ராம்போவுக்குப் புரிந்துவிட்டது. எடுக்காமல் விட்டுவிடலாமா என்றும் யோசித்திருக்கிறார். விட்டால் அடுத்து வருகிறவர் எடுத்துக்கொள்வார், பிறகு அது எங்கே போகும் என்றே தெரியாது. எடுத்தார். என்றாவது ஒருநாள் திருப்பிக் கொடுப்பேன் என்று இறந்தவரிடம் அப்போதே வாக்குக் கொடுத்ததாகப் பிற்பாடு சொன்னார்.

எல்லாச் சிப்பாய்களும் இப்படித்தான் எடுத்தார்களா?

பெரும்பாலும் ஆமாம். வாள், கைத்துப்பாக்கி, தலைக்கவசம், நாணயம், புகைப்படம் என்று எதையும் விடவில்லை. கொடிக்குத் தனி கிராக்கி. மடித்தால் உள்ளங்கையில் அடங்கிவிடும், கனமில்லை, ஊருக்குப் போய் விரித்துக் காட்டினால் விளக்கமே வேண்டாம். களத்துக்குப் பின்னால் இருந்த கப்பற்படையினரும் விமானப்படையினரும் காசு கொடுத்தோ விஸ்கி, ஐஸ்கிரீம் கொடுத்தோ வாங்கிக்கொள்வார்கள். கிராக்கி ஏறியதும் போலியும் வந்துவிட்டது. கட்டுமானப் பிரிவு ஆட்கள் வெள்ளைத் துணியில் சிவப்புச் சாயம் பூசி, வாய்க்கு வந்தபடி கிறுக்கி விற்றார்கள். ஜப்பானிய எழுத்து தெரிந்தவர் யார் இருந்தார்கள், கண்டுபிடிக்க?

ஆபத்தும் இருந்தது. எதிரி கொடியாசை பிடித்தவன் என்று ஜப்பானியர் தெரிந்துகொண்டு, உடல்களுக்கு அடியில் கண்ணிவெடி வைத்த சம்பவங்கள் உண்டு.

இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பசிபிக்கில் சில அமெரிக்கச் சிப்பாய்கள் தங்கப் பல், மண்டையோடு, எலும்பு வரைக்கும் போனார்கள். 1942 செப்டம்பரிலேயே கடற்படைத் தலைமை, எதிரியின் உடற்பாகம் எதையும் நினைவுப்பொருளாக எடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. உத்தரவு போட வேண்டிய நிலை வந்தது என்பதே நிலைமையைச் சொல்லிவிடும். 1944-இல் எதிரியின் எலும்பால் செய்த உறை கிழிக்கும் கத்தி ஒன்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கே பரிசாக வந்தது. அவர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

இது திருட்டு இல்லையா?

அதிகம் வரும் கேள்வி இதுதான். சட்டம் என்ன சொன்னது என்று முதலில் பார்ப்போம். போரில் எதிரியின் ஆயுதத்தைக் கைப்பற்றலாம். ஆனால் இறந்தவரிடம் இருந்த சொந்தப் பொருள்களைச் சேகரித்து அவர் தரப்புக்கு அனுப்பி வைக்க வேண்டும் என்று 1929 ஜெனீவா உடன்படிக்கை தெளிவாகச் சொல்கிறது. அண்டை அயலார் பெயரெழுதிக் கொடுத்த கொடி சொந்தப் பொருளா, எதிரி நாட்டுச் சின்னமா? நான் சொந்தப் பொருள் என்றுதான் சொல்வேன். அன்றைக்கு ஒரு மரைனைக் கேட்டிருந்தால் ‘கொடி கொடிதானே’ என்றிருப்பார். படையும் அப்படித்தான் பார்த்தது, அதிகாரி ஒருவர் கையெழுத்திட்ட சான்றிதழ் இருந்தால் இந்த மாதிரிப் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோக விட்டார்கள்.

இதில் என்னை உறுத்துவது வேறு. அந்த உடலில் பெயரும் ஊரும் இருந்த பொருள் இந்தக் கொடி. அதை எடுத்த பிறகு அங்கே கிடந்தது பெயரில்லாத உடல். மறுபக்கம், சைப்பானில் ஜப்பானிய உடல்களைப் பெயர் பார்த்து யாரும் புதைக்கவில்லை, பெரிய குழிகளில் மொத்தமாகத் தள்ளினார்கள். எடுக்காமல் விட்டிருந்தால் கொடியும் மண்ணோடு போயிருக்கும், ஹிகாஷிஷிரகாவாவில் மரப்பெட்டிக் கற்கள் மட்டுமே மிஞ்சியிருக்கும். அதனால் எடுத்ததைச் சரி என்று சொல்ல என் வாய் வரவில்லை. எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று சொல்லவும் வரவில்லை.

வாக்குக் கொடுத்தவர் 70 வருடம் ஏன் சும்மா இருந்தார்?

யாரிடம் கொடுப்பது? அவருக்கு அந்த எழுத்தில் ஒன்றுகூட வாசிக்கத் தெரியாது. கொடி முழுக்க விலாசம்தான், ஆனால் அவர் கண்ணுக்கு அது கறுப்புக் கோடுகள். மான்டனாவில் தன் வீட்டில், துப்பாக்கிகள் வைக்கும் கண்ணாடி அலமாரியில் தொங்கவிட்டிருந்தார். வருகிறவர்கள் கேட்பார்கள், இவர் சொல்வார், வருடங்கள் அப்படியே ஓடின. விற்கவில்லை என்பது முக்கியம். இந்தக் கொடிகளை வாங்கிச் சேர்க்கிறவர்கள் எப்போதும் உண்டு.

2012-இல் அவருடைய பழைய படைத்தலைவரின் மகன் தொடர்பு கொண்டார். தன் தந்தையின் படைப்பிரிவைப் பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தவர் அவர். அவர் மூலமாகத்தான் ஓபோன் சங்கம் பற்றி ஸ்ட்ராம்போவுக்குத் தெரிய வந்தது.

ஓபோன் சங்கம் என்பது என்ன?

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் அஸ்டோரியா என்ற ஊரில், ரெக்ஸ் சியாக், கெய்கோ சியாக் என்ற தம்பதி 2009-இல் தொடங்கிய அமைப்பு. போரில் எடுத்துவந்த கொடிகளை ஜப்பானியக் குடும்பங்களுக்குத் திருப்பிச் சேர்ப்பதே வேலை, கட்டணம் கிடையாது. கெய்கோவின் தாத்தா பர்மாவில் இறந்தவர். அவருடைய கொடி 2007-இல் எதிர்பாராமல் வெளிநாட்டிலிருந்து குடும்பத்துக்கு வந்து சேர்ந்தது. நம் வீட்டுக்கு வந்த மாதிரி மற்ற வீடுகளுக்கும் வரட்டுமே என்று ஆரம்பித்ததுதான்.

ஓபோன் என்பது ஜப்பானில் முன்னோரின் ஆவிகள் வீட்டுக்கு வந்துபோவதாக நம்பும் நாள்கள். நம் ஆடி அமாவாசை, மகாளய அமாவாசையை நினைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட சரியாக இருக்கும். பல ஊர்களில் ஆகஸ்ட் மத்தியில் வரும். ஜப்பான் சரணடைந்ததை நினைவுகூரும் நாளும் ஆகஸ்ட் 15. ஸ்ட்ராம்போ கொடியோடு போனது அந்தத் தேதியில்தான்.

ஊரை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

இந்தக் கதையில் எனக்கு மிகவும் ஆச்சரியம் தந்த இடம். 70 வருடம் விளங்காத கொடி, வாசிக்கத் தெரிந்தவர் கைக்குப் போனதும் ஒரே வாரத்தில் பேசிவிட்டது.

எல்லாக் கொடியும் இவ்வளவு சுலபமில்லை. சிப்பாயின் பெயர் இருக்கும், ஊர் இருக்காது. ஊரைத் தெரிந்தவர்களே எழுதிக் கொடுத்ததால் ஊர்ப்பெயரை எழுதத் தோன்றியிருக்காது. தூரிகை எழுத்து வேறு, வேகமாக இழுத்து எழுதியிருந்தால் இன்றைய ஜப்பானியருக்கே வாசிக்கச் சிரமம். அப்போது கோயில் முத்திரை, பள்ளிக்கூடம், ஆலை, அபூர்வமான குடும்பப்பெயர் என்று ஏதாவது நூல் கிடைக்கிறதா என்று பார்ப்பார்கள். அப்புறம் அந்தந்த ஊர் நிர்வாகத்திலும், போரில் இறந்தோர் குடும்பங்களின் சங்கத்திலும் விசாரிப்பார்கள்.

யசுவேயின் கொடியில் சுமார் 180 பெயர்கள் இருந்தன. அத்தனையும் ஒரே மலைக்கிராமத்து உறவும் நட்பும். பெயர் எழுதியவர்களில் ஏழு பேர் 2017-இலும் உயிரோடு இருந்தார்கள்.

கொடியைக் கொடுத்த அன்று என்ன நடந்தது?

தத்சுயாவுக்கு அப்போது 89 வயது, விவசாயி. கொடியை வாங்கியதும் விரித்துப் படிக்கவில்லை. முகத்தை அதற்குள் புதைத்து முகர்ந்து பார்த்தார். அண்ணன் வாசனை அடிக்கிறது, நாங்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட அம்மாவின் சமையல் வாசனை அடிக்கிறது என்றார். பிறகு ஸ்ட்ராம்போவின் கைகளைப் பிடித்து முத்தமிட்டார். தங்கை சயோகோவுக்கு 93 வயது, கொடியில் பெயர் எழுதிய அந்த ஏழு பேரில் ஒருவர். சக்கர நாற்காலியில் இருந்தார். கொடியை மடியில் வைத்ததும் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். ஸ்ட்ராம்போ அவர் தோளை மெல்லத் தடவிக் கொடுத்தார்.

அன்றுதான் அண்ணன் எங்கே கிடந்தார், எந்தப் பக்கமாகப் படுத்திருந்தார், முகம் எப்படி இருந்தது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்தது. ‘மரியானா தீவுகளில் எங்கோ’ என்ற ஒரு வரிக்கு அடுத்த வரி வர 73 வருடம் ஆகியிருக்கிறது. அந்தப் போரில் வெளிநாட்டு மண்ணில் இறந்த ஜப்பானியர் சுமார் 24 லட்சம். அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேரின் எலும்புகூட இன்னும் ஊர் திரும்பவில்லை.

எல்லாக் குடும்பங்களும் இப்படி வாங்கிக்கொள்கின்றனவா?

இல்லை. சில குடும்பங்களில் வாங்க ஆளே மிஞ்சவில்லை. சிலர் மூடிய புண்ணைக் கிளற வேண்டாம் என்கிறார்கள். அதையும் தப்பு சொல்ல முடியாது.

இந்திய வீரர்களும் இப்படிக் கொடி எடுத்து வந்தார்களா?

பர்மா, இம்பால், கொஹிமா களங்களில் ஜப்பானியரோடு மோதியது பெருமளவில் இந்தியப் படைதான், மெட்ராஸ் சாப்பர்ஸ் பிரிவின் தமிழர்களும் அதில் உண்டு. கைப்பற்றிய ஜப்பானியக் கொடியை விரித்துப் பிடித்தபடி இந்திய வீரர்கள் நிற்கும் போர்க்காலப் புகைப்படங்களும் இருக்கின்றன. ஆகவே பர்மா போய்வந்த தாத்தாவின் டிரங்குப் பெட்டி உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால், அடியில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அப்படிக் கிடைத்தால் என்ன செய்வது? துவைக்கலாமா?

துவைக்கக் கூடாது. சிவப்புச் சாயம் கசிந்து வெள்ளையெல்லாம் பரவிவிடும். இஸ்திரி போட வேண்டாம், லாமினேட் செய்யவே வேண்டாம், வெயில் படும் சுவரில் சட்டம் போட்டு மாட்டவும் வேண்டாம். தட்டையாக விரித்து, ஒவ்வொரு எழுத்தும் தெரிகிற மாதிரி இரண்டு பக்கமும் படம் எடுங்கள். தாத்தா எந்தப் பிரிவில், எந்த ஊரில், எந்த வருடம் இருந்தார் என்று வீட்டில் பெரியவர்கள் யாருக்காவது ஞாபகம் இருந்தால் அதையும் எழுதி வையுங்கள், கொடியின் ஊரைத் தேடுகிறவர்களுக்கு அது உதவும். ஓபோன் சங்கத்துக்கு முதலில் அனுப்ப வேண்டியது படங்களைத்தான், கொடியை அல்ல.

அதுவரை அமிலம் சேராத மெல்லிய தாளிலோ, அது கிடைக்காவிட்டால் நன்றாக அலசிக் கஞ்சி போடாத பழைய பருத்தி வேட்டியிலோ சுற்றி வையுங்கள். பூச்சி வரும் என்று பெட்டிக்குள் நாஃப்தலின் உருண்டை மட்டும் போட்டுவிடாதீர்கள். ஜப்பானில் யாராவது அதை முகர்ந்து பார்க்கக் கூடும்.